கேலி ப்ரூஃப்

இருபத்தேழு வயதில் என்னைப் பிடித்து ஆட்டிய சந்தேகம் இது. அப்போது பதில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. இப்போது நானே ஓர் ஆளை உண்டாக்கிக்கொண்டேன். குரு, லெட்டர் பிரஸ் நடத்தி நொடித்து மூடியவர். சீடன் கவிதை எழுதுகிறவன், எதிலும் வெளிவராதவன். எனக்குத் தோதான இடங்களில் அவன் வாயை மூடிக்கொள்வான். பழைய நூல்களின் சீடர்களும் அப்படித்தானே?

சீடன்: ஐயா, பத்து வருஷமாக எழுதுகிறேன். அனுப்பியதெல்லாம் திரும்பி வருகிறது. எல்லாரும் எழுதுவது போல எழுத மனம் ஒப்பவில்லை. தனியாக நிற்கத் தெம்பும் இல்லை.

குரு: அந்த மேஜை டிராயரைத் திற. உள்ளே ஈய எழுத்து கோக்கிற கம்போசிங் ஸ்டிக் ஒன்று கிடக்கும், எடு. மிஷினை விற்றபோது இதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. கடைசியாகக் கோத்த இரண்டு வரி அப்படியே இருக்கிறது. படி, பார்ப்போம்.

சீடன்: எல்லாம் இடவலம் மாறிக் கிடக்கிறது. இது ட-வா? ப மட்டும்தான் தெரிகிறது.

குரு: ப-வுக்கு என்ன கவலை! ஈயத்தில் பார்த்தாலும் ப, காகிதத்தில் பார்த்தாலும் ப. சிலர் அப்படி வாய்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இயல்பாக வருவதும் ஊருக்குப் பிடித்ததும் ஒன்றாகவே இருக்கும். அதைக் குறை சொல்லாதே, அது ஒரு கொடுப்பினை. நீ ட. ஈயத்தில் இருக்கிறவரைக்கும் பார்க்கிறவன் உன்னைப் பிழை என்றுதான் சொல்வான். மை தடவிக் காகிதத்தைப் போட்டால்தான் நேராவாய்.

சீடன்: காகிதம் எப்போது விழும்?

குரு: யாரால் சொல்ல முடியும்? ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ என்ற கவிதை ‘மணிக்கொடி’ பத்திரிகையில் வந்தது 1934இல். யாப்பை உதறிவிட்டு எழுதியது. அதற்குப் பின்னால் ஒரு கூட்டம் திரண்டதா? இல்லை. நடுவில் அவரே பல வருஷம் கவிதைப் பக்கம் வராமல் இருந்தார். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். அதன் பிறகுதான் புதுக்கவிதை என்று ஒரு பேரும் அதற்கென்று ஓர் இடமும் உண்டாயின. எண்ணிப் பார், இருபத்தைந்து வருஷம்.

சீடன்: அதுவரை சாப்பாட்டுக்கு?

குரு: வேலைக்குப் போ. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். அடுத்த கேள்வி.

சீடன்: செல்லப்பா அப்படி வேலை பார்த்துக்கொண்டா பத்திரிகை நடத்தினார்? வீட்டில் இருந்தவர்கள் என்ன பட்டார்களோ? தனிமையை நான் தேர்ந்தெடுக்கலாம், அதன் செலவை அவர்கள் தலையில் கட்டலாமா?

குரு: அது வேறு விஷயம். பிறகு பேசுவோம்.

(பேசவில்லை. இதை எழுதுகிற எனக்கும் அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. குருவைக் குறை சொல்லிப் பயனில்லை.)

சீடன்: சரி, என்னைத் தூங்கவிடாத கேள்விக்கே வருகிறேன். ஈயத்து எழுத்து கண்ணுக்கு இடவலம் மாறித் தெரியும் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையிலேயே தப்பாகக் கோத்த வரியும் அப்படித்தானே தெரிகிறது? பெரிய கவிஞனை ஊர் ஒதுக்கியது, நிஜம். அசட்டுக் கவிஞனையும் ஊர் ஒதுக்குகிறதே! இருவரும் ஒரே திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருமே காலம் தங்களைப் புரிந்துகொள்ளும் என்று சொல்கிறார்கள். இருவருக்குமே தங்கள் மேல் சந்தேகமில்லை. அசடனுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. நான் அவர்களில் யார்? என் தனிமை எதற்குச் சாட்சி? பிடிவாதத்துக்குத் தைரியம் என்று பேர் வைத்துக்கொண்டு என் ஆயுளை வீணாக்குகிறேனோ?

குரு: இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றினாயா? கேள்.

எந்தக் கம்பாசிட்டரும் தான் கோத்ததை நேரே மிஷினில் ஏற்றமாட்டான். ஸ்டிக்கிலிருந்து எடுத்துக் கேலி என்கிற தட்டில் அடுக்கி, நூலால் சுற்றி இறுக்கிக் கட்டி, ரோலரால் மை தடவி, ஒரே ஒரு தாளைப் போட்டு அழுத்தி எடுப்பான். கேலி ப்ரூஃப். நம் பாஷையில் அந்தப் பேர் எவ்வளவு பொருத்தம் பார். முதல் பிரதிக்குக் கிடைப்பது பெரும்பாலும் கேலிதான். அந்த ஒரு தாளைக் கோத்தவன் திருத்தக்கூடாது. அவன் கண்ணுக்குத் தான் கோக்க நினைத்ததுதான் தெரியும். கை தவறி வைத்த எழுத்து தெரியாது. இன்னொருவன் பென்சிலோடு உட்கார வேண்டும். ஆயிரம் பிரதி அடிப்பது வாசகனுக்காக, அது எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும். ப்ரூஃப் அன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

செல்லப்பா தனியாக நின்றார் என்று கதை சொல்கிறோம். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் உட்கார்ந்து 1970 வரை 119 இதழ்கள் போட்டார். புத்தகக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பத்திரிகைக்குள்ளே எட்டிப் பார். என்ன கூட்டம்! நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பேரில் எழுதுகிறார். திருகோணமலையிலிருந்து இருபதைத் தொட்ட ஒரு பையன் எழுதுகிறான், தருமு சிவராமு, பிற்பாடு பிரமிள். விமர்சகர் க.நா.சு. எழுதுகிறார். க.நா.சு.வுக்கு ரசனைதான் அளவுகோல். செல்லப்பாவுக்கோ வரி வரியாகப் பிரித்து அலசியாக வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1963இல் க.நா.சு. ‘இலக்கிய வட்டம்’ என்று தனியாகவே ஒன்றைத் தொடங்கிவிட்டார். ஊருக்கு வெளியே நின்ற மனிதரைச் சுற்றி இத்தனை பென்சில்கள்!

1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். 24 பேர், 63 கவிதைகள். ‘எழுத்து’வில் வந்ததையெல்லாம் வாரிப் போட்டுப் புத்தகம் பண்ணவில்லை, பொறுக்கி எடுத்தார். பொறுக்குவது என்றால் விடுவதும்தானே? தன் பக்கம் நிற்கிறவனின் கவிதையை இது தேறாது என்று ஒதுக்கிவைக்க வேண்டும். எதிராளியை மறுப்பதற்கு ஆத்திரம் இருந்தால் போதும். கூட நிற்கிற நாலு பேரில் ஒருவனை மறுத்தால் மிச்சம் மூன்று பேர்தான். செல்லப்பாவின் தைரியம் என்று நான் நினைப்பது இதைத்தான். தோளில் சுமந்த புத்தகக் கட்டைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

நானும் ஒரு பத்திரிகை போட்டேன், தெரியுமா? பதினாறு பக்கம், மூன்று இதழ். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் கையிலெல்லாம் ஒன்றைத் திணித்தேன். கம்பாசிட்டரும் நானே, ஆசிரியரும் நானே, ப்ரூஃப் பார்த்ததும் நானே. நின்றுபோனபோது ஊரைத் திட்டினேன். ரசனை கெட்ட ஊர், சினிமாவுக்கு வாய் பிளக்கிற ஊர் என்று இருபது வருஷம் திட்டினேன். அந்தத் திட்டில் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிரஸ்ஸைக் காலி செய்த அன்று பரண் மேலிருந்து அந்த மூன்று இதழும் விழுந்தன. தூசி தட்டிவிட்டு நின்றபடியே படித்தேன். அத்தனையும் இரவல். ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ ஒருவரின் குரல், என் குரலைத் தவிர. ஊர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஊர் சரியாகச் சொல்லும் நாளும் உண்டு, தம்பி. அதுதான் இதில் கஷ்டம். ட-வும் பிழையும் ஈயத்தில் ஒரே மாதிரி தெரியும். பிரித்துச் சொல்ல அந்த ஒரு தாள் வேண்டும். அதை எடுக்காமல் நான் இருபது வருஷம் ஈயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்லப்பாவின் ‘சுதந்திர தாகம்’ நாவல் 1997இல் வந்தது, மூன்று பாகம். அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. கைதட்டல் வந்து சேர்ந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அவர் ப்ரூஃப் எடுத்து முடித்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. விருது கொடுத்தவர்கள் பிரதிதான் அடித்தார்கள். நீ கேட்டாயே, தனிமை எதற்குச் சாட்சி என்று... தம்பி, இருக்கிறாயா?

சீடன்: இருக்கிறேன் ஐயா. கொசு கடிக்கிறது.

குரு: விளக்கைப் போடு. சட்டைப் பையில் என்ன தாள்?

சீடன்: நேற்று எழுதியது. இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

குரு: கொடு. பென்சிலும் அந்த டிராயரில்தான் இருக்கும். ...ம். ...மூன்றாவது வரி யாருடையது?

சீடன்: என்னுடையதுதான்.

குரு: இன்னொரு தரம் சத்தமாகப் படி.

சீடன்: (படிக்கிறான். சற்று நேரம் பேசவில்லை.) பிச்சமூர்த்தி மாதிரி இருக்கிறது.

குரு: மாதிரியா?

சீடன்: அவருடையதேதான்.

குரு: அடி. நாலாவது வரியைப் படி.