கேளாமற் பேசும் அட்டை: ஓர் அறவியல் நோக்கு

ஒருவன் தனக்குத் தெரியாமலே இன்னொருவனாற் படிக்கப்பட்டு, அதனால் யாதோர் இழப்பும் அடையாது வீடு திரும்புவானாயின், அவனுக்குத் தீங்கு இழைக்கப்பட்டதா? பயன்வழிக் கொள்கையினர் இதற்குத் தரக்கூடிய விடை எளிது. நோவு இல்லை, நட்டம் இல்லை. ஆதலின் தீங்கும் இல்லை. இவ்விடை எனக்கு உடன்பாடன்று. ஏன் உடன்பாடன்று என்பதைத் தொடுகையிலாச் சில்லு பொருத்தப்பட்ட வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது பொறியியலாளருக்குரிய பொருளாயிற்றே, கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன வேலை என வினவுவோர் உளராயின், அட்டையைக் கேட்பவரும் காட்டுபவரும் மனிதரே என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக.

அட்டையின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். தொடுகையிலா அட்டையினுள் மின்கலம் இல்லை. மெல்லிய கம்பிச் சுருளொன்றும் சிறு சில்லொன்றுமே உள்ளன. வாசிப்புக் கருவி 13.56 மெகாஹேட்ஸ் மீடிறனில் எழுப்பும் காந்தப்புலத்தினுள் அட்டை வந்ததும், அப்புலமே சுருளில் மின்னைத் தூண்டிச் சில்லை விழிக்கச் செய்கின்றது. விழித்த சில்லு, கேட்ட வினாவுக்கு விடை சொல்கின்றது. இவ்வுரையாடல் ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர் தூரத்துள் நடைபெறுவது. சட்டைப்பையின் துணியோ பணப்பையின் தோலோ அதற்குத் தடையாகாது. பழைய அட்டை, உரியவன் கையை நீட்டினாலன்றிப் பேசாது. புதிய அட்டையோ அணுகிய கருவிக்கு மறுமொழி கூறும். எவருக்கு, எவ்வளவு கூறும் என்பது அதனை ஆக்கியோனின் மனச்சான்றைப் பொறுத்தது.

பொதுமக்களின் அச்சம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியதே. நெரிசலான பேருந்திற் கள்வன் ஒருவன் கருவியைச் சட்டைப்பையில் உரசிப் பணத்தை உறிஞ்சிவிடுவான் என்பர். இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அந்நாட்டின் முதற்றலைமுறைத் தொடுகையிலாக் கடன் அட்டைகளை ஆராய்ந்தபோது, உரியவரின் பெயரும் அட்டை இலக்கமும் காலாவதித் திகதியும் மறைப்பின்றி வெளிவருவதைக் கண்டனர். பின்வந்த அட்டைகள் திருந்தின. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒரேயொரு முறை செல்லுபடியாகும் குறியீட்டை அவை ஆக்குவதால், களவாகப் பெற்ற விடையைக்கொண்டு போலி அட்டை செய்தல் எளிதன்று. எனினும் குறைகள் ஒழிந்தபாடில்லை. ஓரிடத்தில் உள்ள அட்டையின் விடையை இன்னோரிடத்தில் உள்ள கருவிக்கு அஞ்சல் செய்யலாம் என்பது 2005இல் கேம்பிறிட்ஜிற் காட்டப்பட்டது. 2020இல் சூரிச் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தினர், இரகசிய இலக்கம் கேட்கப்படவேண்டிய பெருந்தொகைக்கும் அதனைக் கேட்காமற் செய்யும் வழியொன்றை விசா அட்டைகளிற் கண்டறிந்தனர். இதற்கிடையில் இரகசிய இலக்கமின்றிச் செலுத்தக்கூடிய உச்சத்தொகை வளர்ந்தே வந்துள்ளது. பிரித்தானியாவில் 2007இல் 10 பவுணாக இருந்தது 2021 ஒக்ரோபரில் 100 பவுணாயிற்று. இந்தியாவில் 2021 சனவரியில் 2,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாயிற்று. ஆயினும் என் கருத்தில், பணத்தைப் பற்றிய அச்சம் சற்று மிகையானது. நம்மவர் தொலைபேசியிற் கேட்ட குரலை நம்பித் தாமே இரகசிய இலக்கத்தைச் சொல்லி இழக்கும் பணத்தோடு ஒப்பிடின், உரசி எடுக்கும் கள்வன் அரிய பிராணியே. இழந்த பணத்தை வங்கி ஈடுசெய்யக்கூடும். அட்டையை அழித்து வேறோர் அட்டை தரவும் கூடும். இழந்தால் வேறொன்று பெறமுடியாத பொருள் பிறந்த திகதியும் பிறந்த இனமும் அன்றோ!

எனவே அடையாள அட்டைக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் நம் நாட்டில் அடையாள அட்டைகள் வழங்கப்பட்டு வருகின்றன. சில்லு எதுவும் இல்லாத காலத்திலேயே அவ்வட்டை வாய் நிறையப் பேசியது. பழைய இலக்கத்தின் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அத்துடன் 500 கூட்டப்படும். ஆகவே இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்ட எழுதுவினைஞன், உரியவரின் வயதையும் பாலையும் அவரிடம் கேளாமலே அறிந்துகொண்டான். மொழியும் பேசியது. நெடுங்காலமாகத் தென்னிலங்கையில் அட்டை சிங்களத்தில் மட்டும் அமைய, வடக்கிலும் கிழக்கிலும் தமிழும் சேர்ந்து இருமொழியில் அமைந்தது. உரிமை என வழங்கப்பட்ட அத்தமிழ் எழுத்தே, கொழும்பு வீதியில் மறிக்கப்பட்ட இளைஞன் வாய் திறக்குமுன் அவன் எவ்விடத்தவன் என்பதைச் சொல்லிவிட்டது.

யான் அச்சுவேலியைச் சேர்ந்தவன். பலாலி வான்தளத்திற்கும் அதனைச் சூழ்ந்திருந்த உயர்பாதுகாப்பு வலயத்திற்கும் அண்மையில் அமைந்த ஊர் அது. பேருந்திலிருந்து இறங்கி, அட்டையைக் கையில் ஏந்தி, வரிசையாகக் காவலரணைக் கடந்து, அப்பால் மீண்டும் ஏறிய காலத்தை எம் பெற்றோர் இன்றும் கூறுவர். சந்தைக்குப் போவதற்கும் 'ஐசி எடுத்திட்டியோ?' என்று படலைவரை வந்து கேட்ட தாய்மாரின் ஊர் அது. துப்பாக்கியுடன் கேட்பவன் முன்னிலையில் அட்டையை நீட்டுதல் விருப்பச் செயல் ஆகாது. அக்காலத்தைப் பொற்காலமாக்க யான் முற்படவில்லை. ஆயினும் கேட்கப்பட்டோம் என்ற அறிவேனும் அங்கே இருந்தது. கேட்டவனுக்கு ஒரு முகம் இருந்தது. கேட்ட இடத்திற்கு ஒரு பெயர் இருந்தது. காணாமற் போனோரின் உறவினர் பின்னாளில் ஆணைக்குழுக்களின் முன் சென்று, இன்ன நாளில் இன்ன இடத்தில் மறிக்கப்பட்டார் எனச் சாட்சி கூற இயன்றது இதனாலேயாம். காவலரணே இல்லாமல், வீதியோரக் கம்பமொன்றோ கட்டடத்தின் நுழைவாயிலோ படித்து முடிக்கும் காலத்தில், எவர் எங்கே நின்று எதைச் சாட்சி சொல்வது? இன்றைய சில்லுகள் எட்டமுடியாத தூரம் அது என்பர். தூரம் என்பது பொறியியலின் இன்றைய நிலையேயன்றி அறத்தின் எல்லையன்று.

ஒரு நோக்கத்திற்குத் திரட்டிய தகவல் பிறிதொரு நோக்கத்திற்குச் செல்லும் என்பதற்கு நாம் வேற்றூர் உதாரணம் தேடவேண்டியதில்லை. 1983 யூலையில் வன்செயற் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றமை பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. வாக்குரிமைக்காக எழுதப்பட்ட பெயர் தீவைப்போருக்கு வழிகாட்டியாயிற்று. உருவாண்டாவில் 1930களிற் பெல்சிய ஆட்சியினர் அட்டையிற் பொறித்த இனப்பெயர் 1994இல் எதற்குப் பயன்பட்டது என்பதும் உலகறிந்ததே. இடாப்பை எழுதிய எழுதுவினைஞனும் அட்டையை அச்சிட்ட தொழிலாளியும் தீயோரல்லர். இங்கேதான் தொடக்கத்திற் குறித்த பயன்வழி வாதம் வழுக்குகின்றது. படிக்கப்பட்ட நாளிலே நட்டத்தைக் கணக்கிட்டு, நட்டம் இல்லையெனக் கணக்கை மூடிவிடுகின்றது அது. இடாப்போ மூடப்படுவதில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். ஊரில் எவருக்குத்தான் மறைவு உண்டு? சந்தையிற் காணும் முதியவர் 'தம்பி, நீர் ஆற்றை பொடியன்?' என ஒரு வினாவிலேயே குலம் கோத்திரம் யாவற்றையும் அறிந்துகொள்கின்றாரே. அதனிலும் சில்லு கொடிதா? இத்தடை வலிமையுடையது, எளிதிற் புறந்தள்ளற்பாலதன்று. ஊரின் கண்ணாற் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோருக்கு அக்கண்ணின் கொடுமை நன்கு தெரியும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. என்னை அறிந்த முதியவரை யானும் அறிவேன். அவர் கேட்டது எனக்குக் கேட்டது; விடை கூறாது சிரித்துவிட்டுப் போகவும் இயலும். சார்த்தர் 1943இல் வெளியிட்ட நூலிலே சாவித் துவாரம் வழியாக ஒளிந்து நோக்குபவனைப் பற்றிப் பேசுகின்றார். பின்னால் காலடியோசை கேட்டதும் அவனை நாணம் பற்றிக்கொள்கின்றது. சில்லைப் படிக்கும் கருவிக்குப் பின்னாற் காலடியோசை இல்லை. நாணுவதற்கும் ஆளில்லை. பார்க்கப்படுபவன் மறுநோக்கு நோக்க முடியாதவாறு பார்த்தல், மனிதனைப் பொருளாக்குதல் ஆகும். கந்தர் வற்புறுத்திய மனித மாண்பு இங்கு மீறப்படுகின்றது; அம்மீறல் அவன் அறிந்தாலும் அறியாவிட்டாலும் நிகழ்ந்ததே.

அவ்வாறாயின் சில்லையே விலக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்குச் சில்லை ஆக்கியோரே சான்று தந்துள்ளனர். இலத்திரனியற் கடவுச்சீட்டின் சில்லு, அச்சீட்டின் உட்பக்கத்தில் அச்சிடப்பட்ட இலக்கத்தையும் திகதிகளையும் முதலில் அறிந்த கருவிக்கே வாய் திறக்குமாறு அமைக்கப்பட்டது. அதாவது உரியவன் நூலைத் திறந்து காட்டுதல் என்ற பழைய செயல் புதிய பொறிக்குள் மீட்கப்பட்டது. இதுவும் குறையற்றதன்று, ஒரு குறித்த கடவுச்சீட்டு மீண்டும் அருகில் வந்துள்ளதா என அறியும் வழியொன்றை 2010இற் பேர்மிங்காம் ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர். ஜேர்மனியில் 2010 நவம்பர் முதல் வழங்கப்படும் அடையாள அட்டை இன்னும் ஒருபடி முன்சென்றது. இணையவழியே அதனைப் படிக்க விரும்பும் நிறுவனம், தான் யார், எவ்விவரங்களைக் கேட்க உரிமையுடையது என்பதை முதலிற் சான்றிதழ் மூலம் நிறுவவேண்டும். அதன்பின் உரியவர் தம் ஆறிலக்கக் குறியைக் கொடுக்கவேண்டும். 'நீர் யார்?' என அட்டை திருப்பிக் கேட்கின்றது! எம் ஊர்க் காவலரணில் எவரும் கேட்டறியாத கேள்வி அது.

குறையை வெளியிடுதல் தகுமா என்பதும் ஓர் அறவினாவே. இலண்டன் மாநகரப் பயண அட்டையிலும் நெதர்லாந்தின் பயண அட்டையிலும் பயன்பட்ட மைபெயர் கிளாசிக் என்னும் சில்லின் இரகசிய முறை உடைக்கப்பட்டபோது, அந்த ஆய்வை வெளியிடாதவாறு நைமேகன் பல்கலைக்கழகத்தினரைத் தடுக்க அதனை ஆக்கிய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2008 யூலையில் ஆர்ணம் நீதிமன்றம் அத்தடையை மறுத்தது. பூட்டின் பாதுகாப்புத் திறப்பிலே தங்கவேண்டுமேயன்றிப் பூட்டின் அமைப்பை மறைப்பதிலே தங்கலாகாது என்பதை 1883இலேயே கேர்க்கொவ்சு என்பார் எடுத்துரைத்துள்ளார். மறைத்து வைத்த குறை கள்வனுக்குத் தெரிந்தும் உரியவனுக்குத் தெரியாதும் இருக்குமாயின் அது பாதுகாப்பாகாது.

நம் நாட்டில் 2017 ஒக்ரோபர் முதல் வழங்கப்பட்ட புதிய அட்டை கோட்டுக்குறியைத் தாங்கியதே. ஆயினும் 2022இல் இந்திய அரசின் உதவியுடன் இலத்திரனியல் அடையாளத் திட்டம் ஒன்றுக்கு உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. அதே ஆண்டில் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. தேசியப் பாதுகாப்பின் பொருட்டு விதிவிலக்குகள் அமையவும் அச்சட்டம் இடமளிக்கின்றது. எந்தப் பெயரால் எம் பெற்றோர் பேருந்திலிருந்து இறக்கப்பட்டனரோ அதே பெயர் அது. ஆதலின் எவ்வகைச் சில்லு, எவ்வகைக் கருவி என்பதற்கு முன், எவர் எப்போது படித்தார் என்ற பதிவை உரியவர் தாமே பார்க்க முடியுமா என்ற வினா கேட்கப்படல் வேண்டும். விரும்பாதவர் தம் வங்கி அட்டையைப் பாவியாது காசாகவே கொடுக்கலாம். அடையாள அட்டையை வீட்டிலே வைத்துவிட்டுப் போ என அச்சுவேலியில் எந்தத் தாயும் இன்னும் சொல்லத் துணிந்ததில்லை.