கண்டேன் என்னும் சொல்

நாவுக்கு எளிதாகவும் மனச்சான்றுக்குச் சுமையாகவும் இருக்கும் சொற்களில் ‘கண்டேன்’ என்பதும் ஒன்று. சாட்சியம் பற்றிய பாடத்தை நாம் மாணவர்க்குப் பலமுறை நடத்தியிருக்கிறோம். ஆயினும் அச்சொல்லின் எடையை நாம் உணர்ந்தது மதரஸாவிலல்ல. அடையாற்றில், ஒரு வீட்டின் மொட்டை மாடியில்.

2004 ஜூன் 8ஆம் நாள் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்து சென்றது. 1882க்குப் பின் அதுவே முதன்முறை. காலை பத்தே முக்கால் மணியளவில் தொடங்கி, லுஹரைக் கடந்து, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் முடிந்தது. வானநோக்கில் ஈடுபாடுடைய அண்டை வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பொறியாளர், நம்மையும் அழைத்திருந்தார். ஒரு தொலைநோக்கியின் வழியே வந்த சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்திருந்தார். மற்றொன்றில் வடிகண்ணாடி பொருத்தி, ஒரு கல்லூரி மாணவர் படம் எடுத்துக் கொண்டிருந்தார். சிறு தட்டளவான ஒளிவட்டத்தின் விளிம்பில் மிளகளவு கறுப்பு ஒன்று மெல்ல நுழைந்தது.

அது முழுதும் உள்ளே வந்து விளிம்பை விட்டுப் பிரியும் நொடியைக் குறிக்க வேண்டும். ஆனால் அது பட்டென்று பிரிவதில்லை. சொட்டவிருக்கும் மைத்துளி போல் நீண்டு, விளிம்பைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. பெரியவரின் பத்து வயதுப் பேரன் ஒரு நேரம் எழுதினான். மாணவர் எழுதியது அதற்குப் பதினெட்டு நொடி பிந்தியது. பையன் தன்னுடையதை அழிக்கத் தொடங்கினான்.

“அழிக்காதே. நீ கண்டது அதுதானே?” என்றார் பெரியவர்.

“தப்பாக இருந்தால், தாத்தா?”

“இருக்கட்டும். அவர் நேரத்தைப் பார்த்து நீ எழுதினால் இங்கே பார்த்தவர் ஒருவர்தான்.”

நாம் திடுக்கிட்டோம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரிடம் நேர்மையையும் நினைவின் துல்லியத்தையும் சேர்த்தே கேட்கிறார்கள். துல்லியம் குறைந்தவரின் செய்தியையும் வேறொரு வழியில் வந்த செய்தி தாங்கக்கூடும். ஆனால் ஒருவர் மற்றவரைக் கேட்டுத் தம் சொல்லைத் திருத்திக் கொண்டால், இரண்டு சாட்சி ஒன்றாகி விடுகிறது. எண்ணிக்கை மட்டும் இரண்டென்று நிற்கும். பொய்யைவிடக் கண்டுபிடிக்க அரிதானது இது.

1769இல் தஹீத்தித் தீவிலிருந்து இதே காட்சியைக் கண்ட கேப்டன் குக்கும் அவருடைய தோழர்களும் குறித்த நேரங்கள் ஒத்துப்போகவில்லை. எதிர்பார்த்ததைவிட வேறுபாடு மிகுதி என்பதை மறைக்காமல் குக் எழுதி வைத்தார். பூமியின் பல இடங்களிலிருந்து குறித்த நேரங்களை ஒப்பிட்டே சூரியனின் தொலைவைக் கணிக்க வேண்டியிருந்தது. அது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் என்பதை அறிய உதவியவை, ஒன்றோடொன்று மாறுபட்ட அந்தக் குறிப்புகளே.

நமக்கு அருகே புதுச்சேரியில் நடந்தது இன்னும் உருக்கமானது. பிரெஞ்சு அறிஞர் லெ ஜென்டில் 1761இல் அங்கு வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலிலிருந்து கண்டது கணக்குக்கு உதவவில்லை. எட்டாண்டு கீழைக் கடல்களில் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரி வானை மேகம் மூடியது. கணக்கறிந்த அவர் ஒரு நேரத்தைப் புனைந்து எழுதியிருக்கலாம். காணவில்லை என்றே எழுதினார். ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி வாரிசுகள் சொத்துக்கு நின்றார்கள் என்பது தனிக்கதை.

நம்மவரையும் இதே தராசில் நிறுத்தத்தான் வேண்டும். வெள்ளியைச் சூரியன்மேல் ஒரு புள்ளியாகக் கண்டதாக இப்னு சீனா எழுதினார். அவர் காலத்தில், 1032இல், ஒரு கடப்பு நிகழ்ந்ததும் உண்மை. ஆயினும் அவர் கண்டது சூரியக் கறையாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். ‘நம் இப்னு சீனா’ என்பதற்காக நாம் அந்த ஐயத்தை அழித்துவிட முடியாது.

படம் எடுத்துவிட்டால் சாட்சிக்கு வேலையில்லை என்பார் உண்டு. 1874இல் அப்படித்தான் நம்பினார்கள். கருவிகளோடு உலகெங்கும் சென்று எடுத்த படங்களிலும் விளிம்பு மங்கியே இருந்தது. எங்கே, எந்த நொடியில், எவர் எடுத்தார் என்ற குறிப்பில்லாத படம் இஸ்நாத் இல்லாத செய்தி போன்றதே.

இவ்வளவு பேசும் நாம் பதினாறு வயதில் பள்ளிவாசல் மாடியில் பிறை பார்க்க நின்றோம். பக்கத்தில் ஊரே மதிக்கும் மூத்தவர் ஒருவர். “அதோ, தெரிகிறதா தம்பி?” என்றார். தென்னங்கீற்றுக்கு மேல் வெறும் செம்மைதான். “தெரிகிறது” என்றோம். இரு சாட்சி கிடைத்ததென்று மறுநாள் பெருநாள் ஆயிற்று. அவர் உண்மையாகவே கண்டிருக்கலாம். நாம் காணவில்லை. இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

2012 ஜூன் 6ஆம் நாள் வெள்ளி மீண்டும் கடந்தது, இனி 2117இல்தான். அந்தப் பேரன், அப்போது பதினெட்டு வயது இளைஞன், ஃபஜ்ருக்குப் பின் நம்மைப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துச் சென்றான். சூரியன் அந்தப் புள்ளியைச் சுமந்தே உதிக்கும் என்றான். கீழ்வானில் மூட்டம். தொலைநோக்கியில் நாம் கண்ணை வைத்தோம்.

“தெரிகிறதா ஹஜ்ரத்?”

“இல்லை தம்பி, தெரியவில்லை.”

“சற்றுப் பொறுங்கள்” என்றான்.