முதலில் சுவரா, தரையா?

வீட்டைப் புதுப்பிக்கும்போது டைல்ஸ்காரரும் பெயின்டரும் ஒரே நாளில் வந்து நின்றால் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான். 'முதலில் அவர் முடிக்கட்டும்' என்பார்கள் இருவருமே. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பட்டி தேய்க்கும்போது பறக்கும் வெள்ளைத் தூள் டைல்ஸ் இடுக்கில் போய் உட்காரும். டைல்ஸ் அறுக்கும் தூளோ ஈரப் பெயின்டில் ஒட்டிச் சுவரைச் சொரசொரப்பாக்கும். ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். பட்டி, பிரைமர், முதல் கோட் முடிந்ததும் பெயின்டரை அனுப்பிவிட்டுத் தரையைப் போடுங்கள். (எலக்ட்ரீஷியன் பட்டிக்கு முன்பே சுவரை வெட்டி முடித்திருக்க வேண்டும், அவர்தான் பெரும்பாலும் தாமதமாக வருவார்.) ஸ்கர்ட்டிங் ஒட்டும்போது சுவரின் அடிப்பகுதி எப்படியும் கொஞ்சம் பெயரும், சிமென்ட் அப்பும். அதைச் சரிசெய்யத்தான் கடைசி கோட். புதுத் தரைமேல் தார்ப்பாய் விரிக்காமல் மட்டும் அதை அடிக்க விடாதீர்கள்.