கணக்கு யாரிடம் கேட்பது?

தென்னேரியில் ஏரி நிரம்பினால் தண்ணீர்க் கவலை பாதி தீர்ந்தது. மீதிக்கெல்லாம் டீசல் வேண்டும். உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின், மூட்டை ஏற்ற வண்டி. டீசல் ஏறினால் மணி வாடகை ஏறும். டீசல் இறங்கி வாடகை இறங்கியதாக எனக்கு நினைவில்லை.

'நம்ம கையில என்ன இருக்கு?' என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் பதில். நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. உண்மைதான். ஆனால் ஒன்றைச் சார்ந்திருப்பது குற்றமா என்ன? மழையையும்தான் சார்ந்திருக்கிறோம். அந்தச் சார்பைச் சாக்காக்கி யார் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

2020 ஏப்ரலில் ஊரடங்கால் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. அமெரிக்கச் சந்தையில் ஒருநாள் பூஜ்யத்துக்குக் கீழேயே போனது. நாம் வாங்கும் எண்ணெய் பீப்பாய்க்குச் சுமார் 20 டாலர். மே 5 இரவு மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தியது. தமிழ்நாடு அரசும் அந்த மே மாதத் தொடக்கத்தில் வாட் வரியை ஏற்றியிருந்தது. மத்திய வரி ஏறியதால் பங்க் விலை ஏறவில்லை. இறங்க வேண்டியது இறங்கவில்லை, அவ்வளவுதான். ஏறும்போது மட்டும் வேலை செய்யும் ஃபங்ஷனை எங்கள் தொழிலில் பக் என்போம்.

கொரோனா காலத்தில் அரசுக்குப் பணம் வேண்டாமா? வேண்டும். அதைச் சொல்லி வாங்கியிருக்கலாம். சந்தை விலை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே வாங்கியதுதான் உறுத்துகிறது. வண்டியே இல்லாத நடவுக்காரப் பெண்ணும் தக்காளி விலையிலும் ஷேர் ஆட்டோவிலும் அந்த 13 ரூபாயில் பங்கு கொடுக்கிறாள்.

சந்தை விலை என்பதும் முழுசாக நிஜமில்லை. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை மாற்றம் என்றார்கள். 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நாலரை மாதம் எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவில்லை. நடுவில் உக்ரைன் போர் தொடங்கி, கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியது. ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்து, மார்ச் 10 வாக்கு எண்ணி, மார்ச் 22-ல் விலை ஏற ஆரம்பித்தது. அப்போ, கை இருந்திருக்கிறது.

இதே மாவட்டத்தில்தான் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் குடவோலை பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கான சபை அது. பெருமை பேச எனக்கு மனசு வராது. ஆனால் ஏரிக்கென்றே அங்கே ஒரு வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவன் உறவுக்காரர்களும் வர முடியாது. மழை பெய்யாததற்கு வாரியத்தைக் கேட்க முடியாது. மதகுக்குக் கேட்கலாம்.

பங்கில் தரும் ரசீதில் லிட்டர், விலை, மொத்தம் இருக்கும். வரி எவ்வளவு என்று இருக்காது. ஓட்டலில் இரண்டு இட்லிக்குக்கூட சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போடுகிறார்கள்.