உன் "ஆம்" எந்த பாஷை?

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 1:15-20



நம்ம சபைச் சகோதரன் ஒருவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். லீவில் வந்திருந்தபோது வீட்டு ஜெபத்தில் ஒரு சம்பவம் சொன்னார். அவருடைய கப்பலில் மேலதிகாரி பல்கேரியா தேசத்துக்காரர். எது கேட்டாலும் "நே" என்பாராம். "நே" என்றால் அவர்கள் பாஷையில் "இல்லை". ரெண்டே நாளில் நம்ம சகோதரன் அந்த வார்த்தையை நல்லா படித்துக்கொண்டார். (பின்னே? தினமும் கிடைத்த பதில் அதுதானே!)

கப்பல் கிரேக்க தேசத்தில் தெசலோனிக்கே துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பவுல் நிருபம் எழுதின ஊராச்சே, பார்த்துவிடலாம் என்று இறங்கினார். வெளியே ஒரு பஸ் நின்றது. "டவுனுக்குப் போகுமா?" என்று கையைக் காட்டிக் கேட்டார். டிரைவர் சிரித்த முகத்தோடு, "நே, நே" என்றார். "இல்லை என்கிறாரே" என்று இவர் இறங்கிவிட்டார். அடுத்த பஸ்ஸிலும் "நே, நே". வேகாத வெயிலில் நடந்தே போனார். ஒரு கடைக்காரர்தான் விளக்கினாராம்: "தம்பி, எங்க கிரேக்க பாஷையில் நே என்றால் ஆமாம்!"

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

ஒரே சத்தம், பல அர்த்தம்

உலகத்தில் எத்தனையோ விதமான பாஷைகள் உண்டு, அவைகளில் ஒன்றும் அர்த்தமில்லாதது அல்ல என்று பவுல் எழுதுகிறார். அர்த்தம் தெரியாவிட்டால் பேசுகிறவனுக்கு நான் அந்நியன், எனக்கு அவன் அந்நியன் என்கிறார் (1 கொரி. 14:10,11). எவ்வளவு உண்மை பாருங்க!

இந்த "நே" என்கிற சின்னச் சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீட்டியோ குறுக்கியோ எத்தனை தேசத்தில் சொல்லுகிறார்கள்! கிரேக்கனுக்கு அது "ஆம்". கொரியா தேசத்தானுக்கும் "ஆம்". பல்கேரியனுக்கும் செர்பியனுக்கும் செக் தேசத்தானுக்கும் "இல்லை". துருக்கியனுக்கு "என்ன?" என்ற கேள்வி. ஜப்பானியன் பேச்சின் முடிவில் போட்டால், "அப்படித்தானே?" என்று நம்மைத் துணைக்குக் கூப்பிடுகிறான். வடநாட்டில் இந்தி பேசுகிறவர்களுக்கு அதுவே இலக்கணத்தில் ஒரு உருபு.

தலையாட்டுகிற விஷயமும் அப்படித்தான். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் இல்லை என்றும், பக்கவாட்டில் அசைத்தால் ஆம் என்றும் பழைய வழக்கம். நம்ம ஊர்த் தலையாட்டலைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு ஊழியர்கள் திகைத்து நிற்பதை நாமே கண்டிருக்கிறோமே!

ஆகவே, பிரியமானவர்களே, அர்த்தம் சத்தத்தில் இல்லை. அதைச் சொல்லுகிறவன் எந்த பாஷைக்காரன் என்பதில் இருக்கிறது.

மக்கெதோனியாவில் எழுதப்பட்ட "ஆம்"

கொரிந்தியருக்கு இரண்டாம் நிருபத்தைப் பவுல் மக்கெதோனியாவில் இருந்தபோது எழுதினார் என்பது 7:5, 9:2 ஆகிய வசனங்களிலிருந்து தெரிகிறது. அதில்தான் தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாவற்றுக்கும் கிறிஸ்துவே "ஆம்" என்று எழுதினார். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கப்பல் சகோதரன் பஸ்ஸில் கேட்ட அதே வார்த்தைதான்!

இன்று அந்த மக்கெதோனியா நாட்டின் நிலைமை என்ன தெரியுமா? தெசலோனிக்கேயிலிருந்து வடக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் போனால் எல்லை. எல்லைக்கு அந்தப்புறம் இருக்கிற தேசம் 2019-லிருந்து வட மக்கெதோனியா என்று அழைக்கப்படுகிறது. அங்கே பேசுவது ஸ்லாவிய பாஷை. இந்தப்பக்கம் "நே" என்றால் ஆம். அந்தப்பக்கம் "நே" என்றால் இல்லை! ஒரே பூமி, ஒரே சத்தம், நடுவிலே ஒரு கோடு.

தெசலோனிக்கேயில் பிறந்த இரண்டு சகோதரர்கள், சிரில், மெத்தோதியஸ் என்பவர்கள், 863-ம் ஆண்டு வாக்கில் ஸ்லாவிய ஜனங்களுக்கு ஊழியம் செய்யப் புறப்பட்டார்கள். அந்த பாஷைக்கு எழுத்தும் உண்டாக்கி, வேதத்தையும் மொழிபெயர்க்க ஆரம்பித்தார்கள். கிரேக்க "நே"யை அப்படியே எழுதிவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேவனுடைய "ஆம்" ஸ்லாவியன் காதிலே "இல்லை" என்று விழுந்திருக்கும்! ஆகவே பழைய ஸ்லாவிய வேதத்தில் அந்த இடத்தில் "ஏய்" என்கிற அவர்களுடைய சொந்த வார்த்தை நிற்கிறது. சத்தத்தை விட்டார்கள், சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். அல்லேலூயா!

என் பாஷையைப் படித்துக்கொண்ட தாயார்

இப்போது தூக்கம் வராத காரணத்தைச் சொல்லுகிறேன். அன்று ஜெபத்தில் சிரித்தவர்களில் நம் சபையின் ஒரு வயதான தாயாரும் ஒருவர். அவர்களுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் அந்தத் தாயார் என்னிடம் வந்து, "ஐயா, புதன்கிழமை என் மகன் ஊருக்கு வர்றான். அவன் ஆலயத்துப் பக்கமே வர்றதில்லை. நீங்க ஒரு எட்டு வந்து பேசி ஜெபிச்சீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்கள். நான் என்ன சொன்னேன்? "கண்டிப்பா வர்றேம்மா!" என்றேன். புதன்கிழமை கன்வென்ஷன் வேலை. வியாழக்கிழமை கமிட்டி. வெள்ளிக்கிழமை காலையில் ஞாபகம் வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். மகன் முந்தின ராத்திரியே ரயில் ஏறிவிட்டான். திண்ணையிலே எனக்காகப் போட்டுவைத்த நாற்காலி அப்படியே கிடந்தது.

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். அந்தத் தாயார் கோபப்படவில்லை. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "பரவாயில்லை ஐயா. நீங்க கண்டிப்பா வர்றேன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். பார்க்கலாம்னு சொல்லியிருந்தீங்கன்னா ஒருவேளை வருவீங்கன்னு நெனச்சிருப்பேன்" என்றார்கள்.

தேவஜனமே, கப்பல் சகோதரன் ரெண்டே நாளில் பல்கேரிய பாஷை படித்ததுபோல, அந்தத் தாயார் என் பாஷையைப் படித்துவிட்டார்கள்! என் "கண்டிப்பா"வுக்கு அர்த்தம் "இல்லை" என்று அகராதி எழுதிவிட்டார்கள். பிரசங்க பீடத்தில் நின்று, "கர்த்தர் கண்டிப்பா செய்வார்" என்று நான் சொல்லும்போது அவர்கள் காதில் அது எந்த பாஷையாக விழுந்திருக்கும்? அதை நினைத்துத்தான் அன்று ராத்திரி முழங்கால் போட்டேன்.

இரண்டு குமாரரைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமை ஞாபகம் இருக்கிறதா? (மத். 21:28-31) ஒருவன் மாட்டேன் என்றான், பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான். மற்றவன் மரியாதையாய்ப் போகிறேன் என்றான், போகவில்லை. தகப்பன் சித்தத்தைச் செய்தவன் யார்? அந்த இரண்டாவது மகன் நான்தான்!

பவுலுக்கும் இதே குற்றச்சாட்டு

2 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்தைக் கவனித்து வாசியுங்கள். வருகிறேன் என்று சொன்ன பவுல் வரவில்லை. "இந்த ஆளுக்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் ஒன்றுதான்" என்று கொரிந்து சபையில் சிலர் நினைக்கத் தொடங்கினார்கள். பவுல் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடவில்லை. ஏன்? ஊழியக்காரனுடைய "ஆம்" கெட்டுப்போனால், அவன் பிரசங்கிக்கிற கிறிஸ்துவையும் ஜனங்கள் அப்படித்தானே எண்ணுவார்கள்? ஆகவே தன்னுடைய பயணத்தைப்பற்றிப் பேச ஆரம்பித்தவர் நேரே கிறிஸ்துவினிடத்துக்குப் போகிறார். நானும் சில்வானும் தீமோத்தேயுவும் பிரசங்கித்த இயேசு ஒருநாள் ஆம், மறுநாள் இல்லை என்கிறவர் அல்ல என்கிறார்.

ஒரு வித்தியாசத்தையும் கவனியுங்கள். பவுல் அலட்சியத்தினால் வராமல் இருக்கவில்லை. அவர்களைத் தப்பவிடும்படியாகவே வரவில்லை என்று தேவனையே சாட்சியாக வைக்கிறார் (1:23). திட்டம் மாறுவது பாவம் அல்ல. மாறினதைச் சொல்லாமல் நாற்காலியைத் திண்ணையில் காக்கவைப்பதுதான் பாவம். நான் ஒரு ஆள் அனுப்பியிருக்கலாமே!

குளிருமில்லாமல் அனலுமில்லாமல்

வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற ஏழு சபைகள் இருந்த இடமெல்லாம் இன்று துருக்கி தேசத்தில் இருக்கிறது. துருக்கி பாஷையில் "நே" என்றால் "என்ன" என்று பார்த்தோம். அதையே இரண்டு தடவை போட்டால், "இதுவுமில்லை, அதுவுமில்லை" என்று அர்த்தமாகிவிடும். லவோதிக்கேயா சபையை, குளிரும் அல்ல, அனலும் அல்ல என்று கர்த்தர் கடிந்துகொண்டதைத் துருக்கியர் தங்கள் பாஷையில் சொன்னால் இந்த "நே... நே" போட்டுத்தான் சொல்லுவார்கள்!

அந்தச் சபைக்குக் கர்த்தர் தம்மை எந்த நாமத்தினால் அறிமுகம் செய்தார்? "ஆமென்" என்பவராக! (வெளி. 3:14) ஆமும் இல்லாமல், இல்லையும் இல்லாமல் வெதுவெதுப்பாய் இருந்த ஜனத்துக்கு முன்பாக, ஆமென் என்பவர் வந்து நிற்கிறார். இன்றைக்கு நம்ம வீட்டு வாசலிலும் நிற்கிறார், சகோதரனே!

சொல்லுகிறவர், செய்கிறவர்

வடநாட்டு ஊழியத்துக்குப் போனவர்களுக்கு இந்தி "நே" தெரிந்திருக்கும். "யேசு நே கஹா", அதாவது இயேசு சொன்னார். ஒரு காரியம் நடந்து முடிந்தபின், அதைச் செய்தவர் யார் என்று காட்ட அவர் பேரோடு இந்த "நே"யைச் சேர்க்கிறார்கள். நாளைக்குச் செய்யப்போகிறவன் பேரோடு அது ஒட்டாது!

நம்முடைய தேவன் இப்படிப்பட்டவர். அவர் வார்த்தையும் செயலும் வேறு வேறு அல்ல. ஆபிரகாமுக்கு ஆம் என்றார், ஈசாக்கைக் கொடுத்தார். இரட்சகரை அனுப்புவேன் என்றார், அனுப்பினார். கல்வாரிச் சிலுவையில் தம்முடைய "ஆம்" என்ற வார்த்தைக்கு இரத்தத்தினால் கையெழுத்துப் போட்டார்!

நாம் உரத்த சத்தமாய்ச் சொல்லுகிற "ஆமென்" எபிரெய வார்த்தை. உறுதியாய் நிற்பது என்பது அதன் வேர். நம் தமிழ் "ஆம்" போல ஒலித்தாலும் அது வேறு வேர், இது வேறு வேர். "மெய்யாகவே மெய்யாகவே" என்று இயேசு சொல்லுகிறதாக யோவான் சுவிசேஷத்தில் வாசிக்கிறோமே, அங்கே மூலத்தில் இருப்பது "ஆமென், ஆமென்". நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லுகிறோம். அவரோ பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லுகிறார். அவ்வளவு நிச்சயம்!

உபாகமம் 27-ல் ஜனங்கள் பன்னிரண்டு தடவை ஆமென் சொல்லவேண்டும் என்று கட்டளை. எதற்கு? ஆசீர்வாதத்துக்கு அல்ல. களவாய் அக்கிரமம் செய்கிறவனுக்கு வருகிற சாபத்துக்கு! ஆமென் என்பது கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை பந்தல் அதிர ஆமென் போட்டுவிட்டு, திங்கட்கிழமை சீட்டுப் பணத்தைக் கேட்டு வருகிறவனிடம், "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறோமா? அந்தப் பிள்ளை அன்று ஒரு பாஷை படித்துக்கொள்ளுகிறது!

என்ன செய்யவேண்டும்?

முடியாததை முடியாது என்று அன்பாய்ச் சொல்லுங்கள். அது அவிசுவாசம் அல்ல. உள்ளதை உள்ளபடியும் இல்லாததை இல்லாதபடியும் சொல்லுவதே ஆண்டவருடைய கட்டளை (மத். 5:37). "கர்த்தருக்குச் சித்தமானால்" என்ற பரிசுத்த வார்த்தையை, தப்பித்துக்கொள்ளுகிற வழியாக வைக்காதிருங்கள். உங்கள் "ஆம்" கேட்டு யாருடைய திண்ணையிலாவது நாற்காலி காத்திருக்கிறதா? இந்த வாரமே எழுந்து போங்கள்.

அந்தத் தாயாரின் மகனுக்கு நான் கடிதம் எழுதினேன். உபதேசம் ஒன்றும் எழுதவில்லை. வருகிறேன் என்று சொல்லி வராமல் போனதற்கு மன்னிப்பு மட்டும் கேட்டேன். இன்னும் பதில் இல்லை. மறுபடியும் எழுதுவேன். சபையாரே, அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். "கண்டிப்பா ஜெபிக்கிறோம் பாஸ்டர்" என்று சொல்லவேண்டாம். ஜெபியுங்கள்!

ஜெபம்: ஆமென் என்கிற நாமமுள்ள எங்கள் ஆண்டவரே, உமது வாக்கு ஒன்றும் தரையில் விழுந்ததில்லை. எங்கள் வாக்கோ எத்தனையோ விழுந்துபோயிற்று. எங்கள் உதடுகளைச் சுத்திகரியும். எங்கள் வீட்டாரும், கடன் கொடுத்தவரும், உம்மை அறியாதவரும் எங்கள் "ஆம்" என்ற வார்த்தையைக் கேட்கும்போது, அதில் உம்முடைய பாஷையைக் கண்டுகொள்ளச் செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.