வலிக்குப் பெயர் சொல்!

தம்பி, அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் ஊர் திரும்பிய ராத்திரியில்தான் நீ முதல்முறை தனியாக உட்கார்ந்து குடித்தாய். ஊர் உன்னைக் குடிகாரன் என்கிறது. நான் சொல்ல மாட்டேன். உனக்குள் ஒரு சாவு அழுது தீராமல் கிடக்கிறது. அதன்மேல்தான் தினமும் ஊற்றுகிறாய்.

ஒரு செவிலியரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். ஹில்டகார்ட் பெப்லாவ். 1909இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1918 விஷக்காய்ச்சலில் ஜன்னி கண்டவர்கள் ஜன்னல் வழியே குதித்ததைச் சிறுமியாகக் கண்டார். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஒரு ராணுவ மருத்துவமனையில், போர்முனையில் மனம் நொறுங்கி வந்த சிப்பாய்களைப் பராமரித்தார். கட்டுப்போட வெளியே புண் இல்லாத காயங்கள் அவை.

மனப்பதற்றம் சும்மா கிடக்காது, எப்படியாவது தணிப்பைத் தேடும் என்று அவர் கண்டார். ஒருவர் கத்துவார், ஒருவர் சுருண்டு படுப்பார். உன்னைப் போல ஒருவர் பாட்டிலைத் திறப்பார். அந்தச் செய்கையைத் திட்டி என்ன பயன்? செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றார். இப்போது என்ன உணர்கிறாய்? அது தணிய என்ன செய்கிறாய்? அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? பதில் நோயாளியின் வாயிலிருந்தே வர வேண்டும். மனநோயாளிகளைப் பூட்டிவைத்துக் காவல் காப்பதே பெரும்பாலும் பராமரிப்பாக இருந்த காலத்தில் ஒரு நர்ஸ் இப்படிச் சொன்னார்!

இதையெல்லாம் புத்தகமாக 1948இல் எழுதி முடித்தார். ஒரு டாக்டரின் பெயர் கூடவே இல்லாமல் நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தில் வெளியீடு இழுத்துக்கொண்டே போனது. நான்கு வருடம்! அவர் இரவல் பெயர் வாங்கவில்லை. 1952இல் தன் ஒற்றைப் பெயரோடு கொண்டுவந்தார். பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டுகள் பேராசிரியர். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நான்கு வருடப் பிடிவாதம்தான்.

அந்தப் பிடிவாதம் உனக்கும் வேண்டும். 'ஆம்பிளை அழலாமா' என்று கேட்பவன் உன் அப்பாவை இழக்கவில்லை. இழந்தவன் நீ. அதைச் சொல்ல எவன் அனுமதியும் உனக்கு வேண்டாம். மது ராத்திரியில் பதற்றத்தை அமுக்கும். போதை இறங்கும் விடியற்காலையில் அதையே இன்னும் பெரிதாக எழுப்பிவிடும். நீ கோழை என்பதால் நடுங்கவில்லை, தம்பி. அது மதுவின் வேலை.

ஒன்று மட்டும் கவனம். தினமும் நிறையக் குடிப்பவன் வீம்புக்காகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பார்த்து அவர் துணையோடு நிறுத்து. 14416க்குப் போன் செய், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. பேசக் காசு கிடையாது.

இன்று சாயங்காலம் கால் தன்னால் கடைப் பக்கம் திரும்பும். திரும்பட்டும், நீ நில்! அந்த மூன்று கேள்விகளையும் உன்னையே கேள். பிறகு வீட்டுக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார். "அப்பா ஞாபகமாவே இருக்கும்மா" என்று சொல். அவளும் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல்தான் இருக்கிறாள்.