தளர்ந்த சுக்கான்

பழைய பாய்மரப் படகிற் சுக்கான்பிடி தளர்ந்துவிடின் கை திரும்பும். சுக்கான் உடனே திரும்பாது. துளை தேய்ந்து அகன்றிருக்க, ஆணியை மட்டும் இறுக்குவது பழுதை மறைப்பதாகும். துளையை வன்மரத்தால் அடைத்துப் புதிதாகத் துளையிடுவதே செப்பனிடுதல். ஆயினும் பழகிய ஓட்டி, கையைச் சற்று மிகுதியாகத் திருப்பிக் குறையோடு இணங்கிவிடுகிறான். அது திறமையே, திருத்தமாகுமா?

மன்னாரின் தென்கரையிலுள்ள முள்ளிக்குளம் இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. இம்மீனவக் கிராமத்தார் 2007ஆம் ஆண்டு போரின்போது வெளியேற்றப்பட்டனர். அங்கே கடற்படைத் தளம் அமைந்தது. அயலிலுள்ள காட்டோரக் கொட்டில்களில் அவர்கள் வாழப் பழகினர். 2017இல் தொடர் போராட்டம் நடத்திய பின்னரே, நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்க ஒப்புதல் அறிவிக்கப்பட்டது.

துன்புற்றோர் பழகிக்கொண்டதனால் துன்பம் தீர்ந்தது எனலாமா? பொறுமை பொறுத்தவரின் பண்பு; திருத்துதல் திருத்த வல்லவரின் கடன். முன்னதைக் காட்டிப் பின்னதைத் தள்ளுதல் அறமாகாது. படகு கரை சேர்ந்தமை சுக்கானின் செம்மைக்குச் சான்றன்று. ஓட்டியின் கைநோவைக் கேட்டறிந்த பின்னரே அதனைத் தீர்மானித்தல் வேண்டும்.